எளிய வாழ்வும் திருச்செங்கோடு காந்தி ஆசிரமமும்

எளிய வாழ்வு என்பது தேவைக்கு மிஞ்சிய பொருளையும் வேலையையும் பற்றையும் ஒருவர் தாமாகவே முன்வந்து குறைத்துக்கொண்டு வாழும் முறையாகும். வீட்டில் குவிந்து கிடக்கும் பொருள்களைக் கழித்து மன அமைதி பெறும் வழியைச் சொல்லும் நூல்கள் இன்று பல நாடுகளில் வெளிவருகின்றன. ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதைப் பலர் கூடிச் செய்துபார்த்த ஓர் இடம் அன்றைய சேலம் மாவட்டத்தில் இருந்தது. திருச்செங்கோட்டுக்கு அருகே உள்ள புதுப்பாளையத்தில் 1925 பிப்ரவரி 6 அன்று சக்கரவர்த்தி இராசகோபாலாச்சாரியார் (இராஜாஜி) தொடங்கிய காந்தி ஆசிரமமே அது. அங்கே எதைக் குறைத்தார்கள், எதைக் குறைக்கவில்லை, அதனால் என்ன விளைந்தது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

நிலமும் மக்களும்

இன்று மேச்சேரி சேலம் மாவட்டத்து மேட்டூர் வட்டத்திலும், திருச்செங்கோடு நாமக்கல் மாவட்டத்திலும் உள்ளன. 1925ஆம் ஆண்டில் இவ்விரண்டும் சேலம் என்ற ஒரே பெரிய மாவட்டத்தில் இருந்தன. தருமபுரி 1965ஆம் ஆண்டிலும் நாமக்கல் 1997ஆம் ஆண்டிலும் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டங்கள் ஆயின.

மேச்சேரி முதல் திருச்செங்கோடு வரையிலான சமவெளியில் மானாவாரி நிலம் மிகுதி. மழையை நம்பிக் கம்பு, சோளம், நிலக்கடலை, பருத்தி ஆகியவற்றை விதைத்தார்கள். மழை பொய்த்த ஆண்டுகளில் ஆடு வளர்ப்பே பல குடும்பங்களுக்குத் துணையாக இருந்தது. மேச்சேரியின் பெயரால் வழங்கும் செம்மறியாட்டு இனம் அதன் தோலின் தரத்துக்கும் வறட்சியைத் தாங்கும் இயல்புக்கும் பெயர் பெற்றது. காவிரி மிக அருகில் ஓடினாலும் மேட்டூர் அணை 1934ஆம் ஆண்டில்தான் கட்டி முடிக்கப்பட்டது. அணை நீரின் பெரும்பகுதி கீழ்க்காவிரிப் பகுதிகளின் பாசனத்துக்கே சென்றது.

இத்தகைய ஊர்களில் பெரும்பாலான வீடுகளில் இருந்த பொருள்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். சில மண்பானைகள், ஓர் ஆட்டுக்கல், ஒரு முறம், ஒரு பாய், மாற்றுத் துணி ஒன்று என்ற அளவிலேயே பலருடைய உடைமை நின்றது. இதை எளிமை என்று புகழ்வது பொருந்தாது. அது வறுமை. வேறு வழியில்லாமல் குறைவாக வாழ்வதையும், வழி இருந்தும் குறைத்துக்கொண்டு வாழ்வதையும் பிரித்துப் பார்த்தால்தான் புதுப்பாளையம் ஆசிரமத்தின் வரலாறு விளங்கும்.

பழைய மரபுகள்

தேவைக்கு மேல் சேர்க்காமல் இருப்பது தமிழர்க்குப் புதிய கருத்தன்று. திருக்குறளில் நிலையாமை, துறவு, மெய்யுணர்தல், அவாவறுத்தல் ஆகிய அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. சமண சமயம் தன் ஐந்து நோன்புகளுள் ஒன்றாக மிகுபொருள் விரும்பாமையை வைத்தது. துறவியர்க்கு இந்நோன்பு முழுமையானது. இல்லறத்தாரோ தம் உடைமைக்குத் தாமே ஓர் அளவு வகுத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி.

மக்கள் வழக்கிலும் இதற்கு ஒரு நாள் உண்டு. மார்கழியின் கடைசி நாளான போகியன்று வீட்டை ஒழித்து, வெள்ளையடித்து, கிழிந்த பாயையும் தேய்ந்த துடைப்பத்தையும் கழிப்பார்கள். சேலம், நாமக்கல் உள்ளிட்ட கொங்குப் பகுதிகளில் அன்று வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ ஆகியவற்றைச் சேர்த்து வாசலிலும் வயலிலும் காப்புக் கட்டுவது வழக்கம். வீட்டை ஒழிப்பதும் காப்புக் கட்டுவதும் ஒரே நாளில் நடப்பதைக் கவனிக்க வேண்டும். வேண்டாததைக் கழித்த பிறகு, வேண்டியதற்குக் காப்புக் கட்டுகிறார்கள். எதைக் காப்பதற்காகக் கழிக்கிறோம் என்ற கேள்விக்கு இந்த வழக்கத்திலேயே விடை இருக்கிறது.

காந்தியின் முன்மாதிரி

இந்த மரபைத் துறவியர் மடத்திலிருந்து குடும்பத்தார் வாழும் இடத்துக்குக் கொண்டுவந்தவர்களுள் காந்தி முதன்மையானவர். தென்னாப்பிரிக்காவில் 1904ஆம் ஆண்டில் பீனிக்ஸ் குடியிருப்பையும், 1910ஆம் ஆண்டில் தால்ஸ்தாய் பண்ணையையும் அவர் அமைத்தார். காலன்பாக் என்ற நண்பர் தந்த ஏறத்தாழ 1,100 ஏக்கர் நிலத்தில் அமைந்த தால்ஸ்தாய் பண்ணையில் சத்தியாகிரகப் போராட்டத்தில் ஈடுபட்ட தமிழ்க் குடும்பங்களும் வாழ்ந்தன. போராட்டத்தில் சிறை சென்றவர்களின் குடும்பங்களை மிகக் குறைந்த செலவில் காப்பாற்றுவதற்காகவே அப்பண்ணை தொடங்கப்பட்டது. அங்கே கடைப்பிடிக்கப்பட்ட சிக்கனத்துக்குப் பின்னால் ஒரு போராட்டத்தின் தேவை இருந்தது.

காந்தி தம் உடையைக் குறைத்துக்கொண்ட நிகழ்ச்சி தமிழ்நாட்டில் நடந்தது. 1921 செப்டம்பர் 22 அன்று மதுரை மேலமாசி வீதியில் தங்கியிருந்தபோது, அதுவரை அணிந்த உடைகளை விட்டு, முழங்கால் அளவு வேட்டிக்கு மாறினார். அந்நியத் துணியை எரித்துவிட்டால் மாற்றுத் துணி வாங்கப் பணமில்லை என்று ஏழைகள் கூறியதே அதற்குக் காரணம். மற்றவர்களைத் துணி குறைக்கச் சொல்வதற்கு முன் அவர் தம் துணியைக் குறைத்துக்கொண்டார்.

சேலத்து வழக்கறிஞர்

இராஜாஜி 1878 டிசம்பர் 10 அன்று ஓசூருக்கு அருகே உள்ள தொரப்பள்ளியில் பிறந்தார். அவ்வூரும் அன்று சேலம் மாவட்டத்தைச் சேர்ந்ததே. சட்டம் பயின்ற பின் 1900ஆம் ஆண்டில் சேலத்தில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அவ்வூரின் முன்னணி வழக்கறிஞர்களுள் ஒருவரானார். நல்ல வருமானமும் வசதியான வீடும் ஊரில் செல்வாக்கும் சேர்ந்தன. 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராகவும் இருந்தார்.

1919ஆம் ஆண்டில் சென்னையில் இராஜாஜி குடியிருந்த வீட்டில் காந்தி தங்கினார். ரௌலட் சட்டத்தை எதிர்த்து நாடு முழுவதும் கடையடைப்பு நடத்தலாம் என்ற எண்ணம் அங்கே தங்கியிருந்தபோதுதான் தமக்குத் தோன்றியதாகக் காந்தி தம் தன்வரலாற்றில் எழுதியுள்ளார். அடுத்த ஆண்டு ஒத்துழையாமை இயக்கம் தொடங்கியதும் இராஜாஜி வழக்கறிஞர் தொழிலைக் கைவிட்டார். மனைவியை இழந்து, ஐந்து பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பில் இருந்தவருக்கு இது சிறிய முடிவன்று.

1921 டிசம்பரில் கைதான இராஜாஜி, மூன்று மாதம் வேலூர்ச் சிறையில் இருந்தார். அங்கே நாட்குறிப்பு எழுதினார். அது பின்னர் நூலாக வெளிவந்தது. ஆஸ்துமாவால் அடிக்கடித் துன்புற்ற அவருக்குச் சிறை வசதியான இடமாக இருந்திருக்க முடியாது. எனினும் ஒரு சிறிய அறையில் மிகச் சில பொருள்களோடு, படிப்பும் எழுத்துமாக வாழும் பழக்கம் அங்கே அமைந்தது.

புதுப்பாளையத்தில் ஆசிரமம்

1922ஆம் ஆண்டில் காந்தி சிறை சென்றார். ஒத்துழையாமை இயக்கம் தளர்ந்தது. காங்கிரசுக்குள் சட்டமன்றம் புகலாம் என்பவர்களும், கிராமங்களில் ஆக்கப்பணி செய்யலாம் என்பவர்களும் இரு பிரிவாக நின்றார்கள். இராஜாஜி இரண்டாம் பிரிவைச் சேர்ந்தவர். அந்தக் கொள்கையைச் செயலில் காட்டும் இடமாகப் புதுப்பாளையத்தைத் தேர்ந்தெடுத்தார். அவ்வூர்ச் செல்வந்தரான இரத்தினசபாபதி கவுண்டர் நிலம் வழங்கினார். 1925ஆம் ஆண்டில் இராஜாஜி தம் இளைய பிள்ளைகளோடு அங்கே குடியேறினார். அப்போது அவருக்கு வயது 46. அதே ஆண்டு மார்ச்சு மாதம் காந்தி அங்கே வந்து ஆசிரமத்தைப் பார்வையிட்டார்.

ஆசிரமத்தில் வாழ்ந்தவர்கள் படித்தவர்களும் பாமரருமாகப் பலதரப்பட்டவர்கள். பிற்காலத்தில் மத்திய அமைச்சரான க. சந்தானம் அங்கே பணியாற்றினார். கைராட்டை நூற்பு பற்றி 1926ஆம் ஆண்டில் வெளிவந்த பரிசுக் கட்டுரையின் ஆசிரியர்களுள் ஒருவரான என். எஸ். வரதாச்சாரியும் இருந்தார். பின்னாளில் ‘கல்கி’ என்று புகழ்பெற்ற ரா. கிருஷ்ணமூர்த்தியும் சில காலம் அங்கே வாழ்ந்தார். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களும் ஆசிரமத்தின் உறுப்பினராகச் சேர்க்கப்பட்டனர். எல்லாரும் சேர்ந்து உண்டு, சேர்ந்து உழைத்தார்கள்.

எளிமையின் மிகக் கடினமான பகுதி இதுதான். பெரிய வீட்டை விட்டுக் குடிசைக்கு வருவது ஒரு நாள் வேலை. சாதியால் வந்த மதிப்பையும் பழக்கத்தையும் விடுவது ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டின்போதும் செய்ய வேண்டிய வேலை. அன்றைய கிராமச் சமூகத்தில் இது எளிதில் ஏற்கப்படும் செயலாக இல்லை. பரணில் கிடக்கும் பொருளைப் போல இத்தகைய சுமை கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆதலால் பலர் இதைச் சுமையாகவே எண்ணுவதில்லை.

ஆசிரமப் பணிகள்

ஆசிரமம் மூன்று பணிகளை முதன்மையாக மேற்கொண்டது. அவை கதர், தீண்டாமை ஒழிப்பு, மதுவிலக்கு ஆகியன.

கதர்ப் பணியின் நடைமுறை எளியது. சுற்றுவட்டாரக் கிராமப் பெண்கள் ஆசிரமத்தில் பஞ்சு வாங்கிச் சென்று வீட்டில் நூற்பார்கள். நூலைக் கொண்டுவந்து கொடுத்துக் கூலி பெறுவார்கள். அந்நூல் நெசவாளரிடம் சென்று துணியாகும். மழையில்லாத மாதங்களில் வயலில் வேலை இராது. அந்நாளில் ராட்டையால் வந்த சில அணாக்கள் அடுப்பு எரிய உதவின. ஆசிரமத்தில் சிறு மருத்துவ நிலையமும் இயங்கியது.

ஆசிரமத்தார் தம் தேவையைக் குறைத்துக்கொண்டார்கள். ஊராருடைய தேவையைக் குறைக்கும்படி அவர்கள் சொல்லவில்லை. மாறாக ஊரார் கையில் கூலியும், உடம்பில் துணியும், நோய்க்கு மருந்தும் கூடவேண்டும் என்றே உழைத்தார்கள். இருப்பவர் குறைத்துக்கொண்டார், அதனால் மிஞ்சிய பொழுதும் உழைப்பும் இல்லாதவரிடம் சென்றன.

மதுவிலக்குப் பணியின் பகுதியாக 1929ஆம் ஆண்டில் ‘விமோசனம்’ என்ற இதழ் ஆசிரமத்திலிருந்து வெளிவந்தது. இராஜாஜி ஆசிரியராகவும் கல்கி துணையாசிரியராகவும் இருந்தனர். மதுவிலக்குக்காகவே நடத்தப்பட்ட அவ்விதழ் 10 இதழ்களே வெளிவந்தது. கள்ளுக்கும் சாராயத்துக்கும் கூலி போய்விட்டால் ராட்டை தந்த காசு வீடு வந்து சேராது என்பதை ஆசிரமத்தார் நேரில் கண்டிருந்தார்கள். 1937ஆம் ஆண்டில் இராஜாஜி சென்னை மாகாணப் பிரதமரானதும், அவ்வாண்டு அக்டோபர் 1 அன்று மதுவிலக்கு முதன்முதலாகச் சேலம் மாவட்டத்தில் நடைமுறைக்கு வந்தது. மேச்சேரி போன்ற ஊர்களும் அதனுள் அடங்கின. இழந்த வருவாயை ஈடுகட்ட 1939ஆம் ஆண்டில் விற்பனை வரி கொண்டுவரப்பட்டது.

மாளிகையில் சிறிய அறை

1948 ஜூன் 21 அன்று இராஜாஜி இந்தியாவின் தலைமை ஆளுநராகப் பொறுப்பேற்றார். அப்பதவியை வகித்த ஒரே இந்தியர் அவரே. அவர் குடியேறிய டெல்லி மாளிகை இன்று குடியரசுத் தலைவர் மாளிகை எனப்படுகிறது. 340 அறைகள் கொண்ட அக்கட்டடத்தில் பிரிட்டிஷ் அரசப் பிரதிநிதிகள் வாழ்ந்த பகுதி மிகுந்த ஆடம்பரமாக இருந்ததால், அங்கே தங்க இராஜாஜி விரும்பவில்லை. சிறிய அறைகள் கொண்ட வேறொரு பகுதியைத் தேர்ந்தெடுத்தார். பின்வந்த குடியரசுத் தலைவர்களும் அப்பகுதியையே தம் இல்லமாகக் கொண்டனர். பழைய ஆடம்பரப் பகுதி விருந்தினர் தங்கும் இடமாயிற்று.

ஒருவர் தம் மனத்துக்கேற்பக் குடிசையைத் தேர்ந்தெடுத்த காலத்தில் எளிமையாக இருந்தார் என்பது ஒரு செய்தி. மாளிகை தானே தேடிவந்த காலத்திலும் அதற்குள் ஒரு சிறிய அறையைத் தேடினார் என்பது அதனினும் பெரிய செய்தி. உரோமப் பேரரசர் மார்க்கஸ் அரேலியசின் சிந்தனைகளை இராஜாஜி ‘ஆத்ம சிந்தனை’ என்ற பெயரில் தமிழில் தந்திருப்பதும் இங்கே எண்ணத்தக்கது. பேரரசின் நடுவே இருந்தபடியே மனத்தை அடக்கி வாழ முயன்றவர் அப்பேரரசர்.

தமக்கு எளிமை, பிறர்க்கு?

இவ்வரலாற்றுக்கு மற்றொரு பக்கமும் உண்டு. 1952ஆம் ஆண்டில் மீண்டும் சென்னை மாநில முதலமைச்சரான இராஜாஜி, 1953ஆம் ஆண்டில் தொடக்கக் கல்வித் திட்டத்தை மாற்றினார். கிராமப்புறப் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரம் குறைக்கப்பட்டது. எஞ்சிய நேரத்தில் அவர்கள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்பது திட்டம். இது சாதித் தொழிலை நிலைநிறுத்தும் ‘குலக்கல்வி’ என்று பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் கடுமையாக எதிர்த்தனர். காங்கிரசுக்குள்ளும் எதிர்ப்பு எழுந்தது. 1954ஆம் ஆண்டில் இராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராசர் அரசு அத்திட்டத்தைக் கைவிட்டது.

கைத்தொழிலும் குறைந்த பள்ளி நேரமும் திட்டமிட்டவர்க்கு எளிய வாழ்வின் பகுதியாகத் தோன்றியிருக்கலாம். முதல் தலைமுறையாகப் பள்ளிக்கூடம் வந்த பிள்ளைக்கோ புத்தகமும் பலகையும் மிகைப்பொருள் அல்ல. அவையே வறுமையிலிருந்து வெளியேறும் வழி. சட்டம் படித்துப் பொருள் சேர்த்த ஒருவர் அதை விடுவது அவர் உரிமை. படிக்கவே தொடங்காத பிள்ளையிடம் படிப்பைக் குறைப்பது வேறு. தாமே விரும்பி ஏற்கும்போது எளிமை அமைதி தருகிறது. மேலிருந்து விதிக்கப்படும்போது அது பறிப்பாகவே உணரப்படுகிறது. புதுப்பாளையம் வெற்றி பெற்றதற்கும் 1953ஆம் ஆண்டுத் திட்டம் தோற்றதற்கும் இந்த வேறுபாடு ஒரு முக்கியக் காரணம் எனலாம்.

உலகம் எடுத்துக்கொண்டது

பொருள் குறைத்து வாழ்வதைப் பற்றிய இன்றைய உலகச் சிந்தனையிலும் இந்தியாவின் பங்கு உண்டு. அமெரிக்காவில் சட்டம் பயின்று தொழிலாளர் உறவுத் துறையில் பணியாற்றிய ரிச்சர்டு கிரெக் 1925ஆம் ஆண்டில், அதாவது புதுப்பாளையம் ஆசிரமம் தொடங்கிய அதே ஆண்டில், இந்தியாவுக்கு வந்தார். ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் இங்கே தங்கினார். கதர்ப் பொருளாதாரம் பற்றிய அவருடைய நூலைச் சென்னைத் திருவல்லிக்கேணியைச் சேர்ந்த எஸ். கணேசன் 1928ஆம் ஆண்டில் வெளியிட்டார். ‘விரும்பி ஏற்கும் எளிமை’ என்ற பொருள்படும் தலைப்பில் கிரெக் 1936ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை, சாந்திநிகேதனத்தின் விசுவபாரதி இதழில் வெளிவந்தது. அத்தொடரே பின்னர் மேலை நாடுகளில் ஓர் இயக்கத்தின் பெயராயிற்று.

அக்கட்டுரையில் கிரெக் ஓர் உரையாடலைப் பதிவு செய்துள்ளார். மற்றப் பொருள்களை விட முடிகிறது. புத்தகங்களை விட மட்டும் மனம் வரவில்லை என்று அவர் காந்தியிடம் சொன்னார். அப்படியானால் அவற்றை விட வேண்டாம் என்றார் காந்தி. உள்ளத்துக்கு உதவும் பொருளை வைத்துக்கொள்ளலாம். கடமைக்காக வலிந்து விட்டால் மனம் அதையே சுற்றிவரும். வேறொன்றின்மேல் விருப்பம் மிகுந்து, இப்பொருள் தேவையற்றதாகத் தோன்றும்போது விட்டால் போதும் என்பது அவர் விளக்கம். இராஜாஜியும் புத்தகத்தையும் பேனாவையும் விட்டவர் அல்லர் என்பது இங்கே நினைவுக்கு வரும்.

தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பாவும் இவ்வழியில் வந்தவர். லண்டனில் பயிற்சி பெற்ற பட்டயக் கணக்காளரான அவர், 1929ஆம் ஆண்டில் காந்தியைச் சந்தித்தபின் கதருக்கும் கிராமத் தொழிலுக்கும் தம்மை ஒப்படைத்தார். இயற்கையிடமிருந்து எடுப்பதற்கும் திருப்பித் தருவதற்கும் கணக்குப் பார்க்கும் நிலைத்த பொருளாதாரத்தைப் பற்றி எழுதினார். தனிமனிதரின் எளிமையை நாட்டின் பொருளாதாரத்தோடு இணைத்தது அவருடைய பங்களிப்பு.

இன்றைய வீடுகளுக்கு

இன்று மேச்சேரியிலும் திருச்செங்கோட்டிலும் பல வீடுகளின் நிலை மாறிவிட்டது. பரணிலும் கட்டிலுக்கு அடியிலும் பயன்படாத பாத்திரமும், பழுதான மின்விசிறியும், உடுத்தாத துணியும் நிறைந்துள்ளன. கைப்பேசி இடைவிடாமல் அழைக்கிறது. கழிக்க ஒன்றும் இல்லாதிருந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகளுக்கு எதைக் கழிப்பது என்ற கேள்வி வந்திருக்கிறது. இது ஒரு வகையில் முன்னேற்றத்தின் அடையாளமே. பெரியவர்கள் பழைய பொருளைக் கழிக்கத் தயங்குவதற்கு அவர்கள் கண்ட பஞ்சமும் ஒரு காரணம் என்பதை இளையோர் மறக்கக்கூடாது.

ஆசிரம வரலாற்றிலிருந்து மாணவர்கள் பெறத்தக்க கருத்துகள் வருமாறு:

1. எதற்காகக் குறைக்கிறோம் என்பதை முதலில் தெளிவாக்க வேண்டும். படிப்புக்கோ, குடும்பத்துக்கோ, பொதுப்பணிக்கோ பொழுது வேண்டும் என்ற நோக்கம் இருந்தால் எதைக் கழிப்பது என்பது தானே விளங்கும்.
2. தம் பொருளிலிருந்து தொடங்க வேண்டும். பாட்டியின் பெட்டியைப் பேரன் ஒழிக்கக் கூடாது.
3. பயன்படும் பொருளை எரிக்காமல், தேவைப்படுவோர்க்குத் தர வேண்டும். போகியன்று பிளாத்திக்கும் டயரும் எரிப்பது வீட்டைச் சுத்தமாக்கி ஊரை அழுக்காக்கும்.
4. பொருளோடு பழக்கத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வீண் பெருமையும் பிறரைத் தாழ்வாக எண்ணுவதும் அலமாரியில் இடம் பிடிப்பதில்லை, மனத்தில் பிடிக்கின்றன.
5. மனம் ஒப்பாத பொருளை வலிந்து விட வேண்டியதில்லை.

முடிவுரை

இராஜாஜி தம் இறுதிக் காலத்தைச் சென்னை தியாகராய நகரில் பசுல்லா சாலையில் இருந்த ஓர் எளிய வீட்டில் கழித்தார். 1972 டிசம்பர் 25 அன்று தம் 94ஆம் வயதில் காலமானார். அவருடைய அரசியல் முடிவுகள் பற்றிக் கருத்து வேறுபாடுகள் இன்றும் உண்டு. புதுப்பாளையம் ஆசிரமம் 2025ஆம் ஆண்டில் நூற்றாண்டைக் கண்டது. அங்கே ராட்டை சுழன்றதால் எத்தனையோ வறண்ட மாதங்களில் சுற்றுவட்டார வீடுகளில் உலை கொதித்தது. ஒரு வழக்கறிஞர் தம் வீட்டில் குறைத்துக்கொண்டது வேறு பல வீடுகளில் சேர்ந்தது என்பதே அவ்வாசிரமத்தின் கணக்கு.